போக்கர் மேசைக்கு வரும் இலவசப் பானம்: யாருக்கு, எவ்வளவு, எப்படி டிப்ஸ் கொடுப்பது முறை?

ஹட்டன் மாலை:

அனைவருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கும் என் மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். கொழும்பிலுள்ள கசினோ ஒன்றின் போக்கர் அறையில் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து விளையாட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. என்னையும் கூட வரச் சொல்கிறார். சீட்டு எனக்குப் புதிதல்ல. லயத்து இஸ்தோப்பில் முந்நூற்று நாலு ஆடுவதைப் பார்த்தும் ஆடியும் வளர்ந்தவன் நான். போக்கரின் விதிகளையும் ஓரளவு படித்துவிட்டேன். மேசையைச் சுற்றி நடக்கும் மற்ற நடைமுறைகள்தான் எனக்குத் தெரியவில்லை.

விளையாடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பானம் இலவசம் என்கிறார் மச்சான். அப்படியானால் அதைக் கொண்டுவந்து தருபவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா? கொடுப்பதானால் ஒவ்வொரு முறையுமா, எழுந்து வரும்போது மொத்தமாகவா? காசாகவா, மேசையில் காசுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் சிப் என்ற வில்லையாகவா? சீட்டுப் போடும் டீலருக்குத் தனியாகக் கொடுப்பது வழக்கமா? மது அருந்தாதவர் வெறும் சோடாவோ தேநீரோ கேட்டால் அதற்கும் அதே முறைதானா? நுவரெலியா ஹோட்டல்களில் பில்லோடு 10 சதவீதம் சேவைக் கட்டணம் எடுப்பதுபோல, இங்கேயும் அது எங்காவது சேர்ந்துவிடுகிறதா? நம்முடைய பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

மஸ்கெலியா மைந்தன்:

தம்பி, கொழும்பில் சில ஆண்டுகள் டீலராக இருந்துவிட்டுப் பின்னர் சுற்றுலாக் கப்பலுக்குப் போனவன் நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

போக்கர் அறை கசினோவின் மற்றப் பகுதிகளிலிருந்து வேறுபட்டது. ரூலட், பக்கராட், பிளாக்ஜாக் மேசைகளில் நீங்கள் ஆடுவது கசினோவை எதிர்த்து. அங்கே உங்களுடைய நட்டமே அவர்களுடைய வருமானம். போக்கரில் உங்களுக்கு எதிரே இருப்பவர்கள் உங்களைப் போன்ற ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ரேக் என்ற பெயரில் ஒரு சிறு பங்கை மட்டும் கசினோ எடுத்துக்கொள்கிறது. லாஸ் வேகஸின் சிறிய மேசைகளில் அது பெரும்பாலும் 10 சதவீதம். அதிலும் சில டொலருக்கு மேல் எடுப்பதில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 30 ஆட்டங்கள்தான் நடக்கும் என்பதால், போக்கர் அறை கசினோவுக்குப் பெரிய இலாபம் தரும் இடமல்ல. இருந்தாலும் ஆட்டக்காரர்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பானம் தருகிறார்கள். அந்தச் செலவு நீங்கள் கொடுக்கும் ரேக்கிலிருந்துதான் போகிறது. ஆகவே பானத்துக்கு உரியதை நீங்கள் ஏற்கெனவே செலுத்திவிட்டீர்கள். அதைச் சுமந்து வந்தவருக்கு உரியதை இன்னும் செலுத்தவில்லை. உங்களுடைய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான் என்பது என் கருத்து.

டீலருடைய கணக்கு வேறு. ஓர் ஆட்டத்தில் கணிசமான தொகையை வென்றவர், சிப்புகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டதும் அதில் மிகச் சிறிய சிப் ஒன்றை டீலர் பக்கம் தள்ளிவிடுவார். டீலர் அந்தச் சிப்பைச் சத்தம் கேட்கும்படி மேசையில் தட்டிவிட்டுத்தான் டிப்ஸ் பெட்டிக்குள் போடுவார். மேலேயுள்ள கமராவுக்கும் அருகில் நிற்கும் மேற்பார்வையாளருக்கும், இது கசினோவின் சிப் அல்ல, ஆட்டக்காரர் கொடுத்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் தட்டல். மேசையை விட்டு எழும்போதும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, திருப்பிக் காட்டிவிட்டுத்தான் எழுவோம். ஆகையால் டீலருடைய கையில் எதையும் நேரடியாகக் கொடுக்க முயலாதீர்கள். அவருடைய வேலைக்கே அது வினையாக முடியும். மேசையில் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்வார். டீலர்கள் பொதுவாக அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மேசை மாறுவார்கள். “கடைசியில் பார்த்துக் கொடுப்போம்” என்று நினைத்திருந்தால், உங்களுக்கு நல்ல சீட்டுப் போட்டவர் அதற்குள் வேறு மேசைக்குப் போயிருப்பார்.

யாரும் பணம் சேர்க்காமல் முதலிலேயே சீட்டை மடித்து விலகிவிட்ட ஆட்டத்துக்கு எதுவும் கொடுக்கத் தேவையில்லை. தோற்றவரிடம் எந்த டீலரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

நுவரெலியா ஸ்டுவர்ட்:

மைந்தன் அண்ணன் சொன்னதோடு ஒரு விடயத்தைச் சேர்க்க விரும்புகிறேன். சேவைக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிக முக்கியமான கேள்வி அது.

எங்களுடைய ஹோட்டல்களில் பில்லில் விழும் அந்த 10 சதவீதம் மாத முடிவில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, பதவிக்கும் வேலை செய்த நாட்களுக்கும் ஏற்பப் பிரிக்கப்படுகிறது. சமையற்கட்டில் பாத்திரம் கழுவுபவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஏப்ரல் வசந்த காலத்தில், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாக ஊரே நிறைந்திருக்கும்போது, சேவைக் கட்டணம் அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டிப் போகும் இடங்களும் உண்டு. ஆனி, ஆடி மழையில் அது சுருங்கிவிடும். ஹோட்டல் ஊழியர்களின் குடும்பங்கள் கடன் வாங்குவதும் திருப்பிக் கட்டுவதும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான்.

கசினோவின் இலவசப் பானத்துக்குப் பில் கிடையாது. பில் இல்லையென்றால் 10 சதவீதமும் இல்லை. அதே விஸ்கியை அதே ஊழியர் ஹோட்டல் மண்டபத்தில் விலைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தால், நீங்கள் தனியாக ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அவருடைய கணக்கில் ஒரு சிறு தொகை ஏறியிருக்கும். போக்கர் மேசையில் வைத்தால் ஏறாது. “இலவசந்தானே, எதற்கு டிப்ஸ்?” என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இலவசம் என்பதாலேயே டிப்ஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சில இடங்களில் ஊழியர்களுக்கு நிரந்தரமான ஒரு தொகையை நிர்வாகம் ஈடாகக் கொடுப்பதும் உண்டு. அது அந்தந்த இடத்தின் ஏற்பாடு. வாடிக்கையாளருக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரியாத நிலையில் கொடுத்துவிடுவதே நல்லது.

பொகவந்தலாவை ஆசிரியர்:

மூவருடைய கருத்துகளையும் கவனமாக வாசித்தேன். மரியாதையோடு மாறுபடுகிறேன்.

ஊழியருடைய உழைப்புக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர் அவரை வேலைக்கு அமர்த்தியவர். அந்தக் கடமையை வாடிக்கையாளருடைய மனநிலைக்கு விட்டுவிடுவதை ஏற்க முடியாது. மலையகத்தில் பிறந்த நாம் இதை மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானதும் 2024இல் 1,350 ரூபாவானதும் எவருடைய தாராள மனத்தாலும் நடந்தவை அல்ல; தொழிற்சங்கம், சம்பளச் சபை, போராட்டம், வழக்கு என்று நீண்ட பாதையில் கிடைத்தவை. கொழுந்து பறிப்பவருக்கு எந்தத் தேநீர்ப் பிரியரும் டிப்ஸ் கொடுப்பதில்லை. அவருடைய உரிமையைச் சம்பளமாகவே கேட்டோம். அப்படியிருக்க, கசினோவில் வேலை செய்யும் அதே குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டும் “கொடுப்பவர் கொடுத்தால் உண்டு” என்ற முறையை நாம் ஏன் நியாயப்படுத்த வேண்டும்?

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அந்தத் தொகையில் கொழும்பில் அறை வாடகை கொடுத்து ஒருவர் வாழ முடியாது என்பதை நான் அறிவேன். அதற்குத் தீர்வு சம்பள உயர்வுதான். தட்டில் விழும் சிப் அல்ல. டிப்ஸ் தாராளமாக விழ விழ, சம்பளத்தை உயர்த்த வேண்டிய நெருக்கடி முதலாளிக்குக் குறைகிறது. நல்ல மனத்தோடு கொடுப்பவர்களும் இதற்குத் துணை போகிறார்கள் என்பதே என் வருத்தம்.

பிரித்தானியாவில் 2023இல் ஒரு சட்டம் நிறைவேற்றி, 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸும் சேவைக் கட்டணமும் எந்தக் கழிவும் இல்லாமல் ஊழியர்களுக்கே, நியாயமான முறையில் பகிரப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. நாம் கேட்க வேண்டியது அப்படியான சட்டத்தை. எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சு அதற்குப் பின்னர்தான் வர வேண்டும்.

லுணுகலை–லாஸ் வேகஸ்:

ஆசிரியர் சேருக்கு வணக்கம். பதுளை மாவட்டத்தில் பிறந்து, இப்போது நெவாடாவில் ஒரு கசினோ ஹோட்டலின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சேர் சொன்ன கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்குள்ள நிலைமையைச் சொன்னால் கொள்கைக்கும் அன்றாடத்துக்கும் உள்ள இடைவெளி விளங்கும்.

அமெரிக்க மத்திய சட்டப்படி, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு மணித்தியாலத்துக்கு வெறும் 2.13 டொலர் கொடுத்தாலே போதும், மிகுதியை டிப்ஸிலிருந்து ஈடுசெய்துகொள்ளலாம் என்ற விதி 1991 முதல் மாறாமல் இருக்கிறது. நெவாடா அந்த வழியில் போகவில்லை. இங்கே டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. 2024 ஜூலை முதல் எல்லாருக்கும் குறைந்தபட்சம் மணித்தியாலத்துக்கு 12 டொலர். அப்படியிருந்தும் பானம் பரிமாறும் பெண்களும் போக்கர் டீலர்களும் வீட்டுக் கடன் கட்டுவது டிப்ஸை வைத்துத்தான். சம்பளம் உயர்ந்தால் டிப்ஸ் தேவைப்படாது என்று சேர் நினைப்பது நியாயமே. ஆனால் டிப்ஸ் வழக்கம் வேரூன்றிய ஊரில் அது தானாக மறையவில்லை என்பதை என் கண்ணாலேயே பார்க்கிறேன்.

இங்கு வழக்கத்தில் உள்ள அளவைக் கேட்டால், பானம் ஒன்றுக்கு ஒரு டொலர் அல்லது இரண்டு டொலர். கலப்புப் பானம், நல்ல விஸ்கி என்றால் இரண்டு. தண்ணீர்ப் போத்தலுக்கும் ஒரு டொலர் கொடுப்பார்கள். டீலருக்கு, வென்ற ஆட்டத்துக்கு ஒரு டொலர். தொகை பெரிதாக இருந்தால் கூட்டிக் கொடுப்பார்கள். பானத்துக்கான டிப்ஸைச் சிப்பாகவும் கொடுக்கலாம், தாளாகவும் கொடுக்கலாம். சிப்பை அவர்கள் காசாளரிடம் மாற்றிக்கொள்வார்கள். பல போக்கர் அறைகளில் டீலர் தமக்குக் கிடைத்ததைத் தாமே வைத்துக்கொள்கிறார். பிளாக்ஜாக் போன்ற மேசைகளில் எல்லாம் பொதுப் பெட்டிக்குப் போய்ப் பகிரப்படுகிறது.

பொதுப் பெட்டியிலிருந்து யார் யாருக்குப் பங்கு போகலாம் என்பதில் பெரிய வழக்குகளே நடந்திருக்கின்றன. 2006இல் வின் லாஸ் வேகஸ் நிறுவனம் டீலர்களின் டிப்ஸில் அவர்களுக்கு மேலே இருந்த மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு கொடுக்கத் தொடங்கியது. டீலர்கள் பல ஆண்டுகள் அதை எதிர்த்துப் போராடினார்கள். பின்னர் 2018இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, முதலாளியோ மேலாளரோ மேற்பார்வையாளரோ ஊழியரின் டிப்ஸில் கைவைக்கக் கூடாது என்றானது. சேர் கேட்கும் சட்டப் பாதுகாப்பும் நாங்கள் பேசும் மேசை வழக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். டீலர்கள் இரண்டையும் விடவில்லை.

இன்னொன்று: அமெரிக்கா முழுவதும் ஒரே முறை என்று எண்ணிவிட வேண்டாம். பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவில் கார்ட் அறை எனப்படும் சீட்டாட்டக் கூடங்களில் மதுவை இலவசமாகக் கொடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கே பானத்துக்கு விலை உண்டு, அதற்கு மேல்தான் டிப்ஸ்.

ராகலை மகள்:

இதுவரை எழுதிய எல்லாரும் எவ்வளவு என்பதைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். தட்டை ஏந்தி நின்றவள் என்ற முறையில், எப்படி என்பதைப் பற்றி நான் எழுத வேண்டும். கொழும்பில் ஒரு கசினோவில், போக்கர் மேசைகள் இருந்த தளத்தில் இரவு நேர வேலை செய்திருக்கிறேன். இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

தட்டு இடது கையில் இருக்கும்; வலது கையால்தான் கோப்பையை எடுத்து வைக்க வேண்டும். போக்கர் மேசையில் நாற்காலிகள் நெருக்கமாக இருக்கும். இரண்டு ஆட்டக்காரர்களின் தோள்களுக்கு நடுவே, சீட்டைப் பார்த்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோப்பையைப் பக்கத்துச் சிறு மேசையில் வைப்போம். மேசையின் துணி விரிப்பில் வைக்கக் கூடாது. ஒரு துளி சிந்தினாலும் சீட்டு வழுக்காது, ஆட்டத்தை நிறுத்த வேண்டிவரும். அந்த நேரத்தில் ஒருவர் பெரிய தொகை வைத்து யோசித்துக்கொண்டிருந்தால் நாங்கள் இரண்டடி தள்ளிக் காத்து நிற்போம். தட்டில் ஆறு கோப்பைகள் இருக்கும்போது காத்து நிற்பது இலேசான வேலை அல்ல. இதையெல்லாம் சொல்லக் காரணம், சோடாவுக்கும் இதே நடை, இதே காத்திருப்பு என்பதுதான். உண்மையில் இஞ்சிப் பிளேன்டீ கேட்டால், விஸ்கி ஊற்றிக் கொண்டுவருவதைவிட நேரம் கூடவே ஆகும். ஆகையால் ஹட்டன் அண்ணனுடைய கேள்விக்கு என் பதில்: மது இல்லாத பானத்துக்கும் அதே டிப்ஸ்தான்.

கொடுப்பதை அந்தந்த முறையே கொடுத்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு எங்களுடைய பகுதி மாறலாம், வேலை நேரம் முடியலாம். கடைசியில் நீங்கள் கொடுக்கும் பெரிய தொகை, அந்தக் கடைசிக் கோப்பையைக் கொண்டுவந்தவருக்குத்தான் போகும். பெரிய வெற்றிக்குப் பிறகு ஒருமுறை அள்ளிக் கொடுப்பவரைவிட, ஒவ்வொரு கோப்பைக்கும் சிறியதொன்றைத் தட்டில் வைத்து “நன்றி மிஸ்” என்று சொல்பவரைத்தான் நாங்கள் அறையில் பேசும்போது நல்ல மனிதர் என்போம்.

தட்டில் வையுங்கள் என்று சொன்னேன். அதை அழுத்திச் சொல்கிறேன். கையைப் பிடித்து உள்ளங்கையில் வைப்பதும், சட்டைப் பையில் செருக முயல்வதும், சிப்பை உயர்த்திப் பிடித்து எட்டி எடுக்க வைப்பதும் பணம் கொடுக்கும் முறைகள் அல்ல. விரலைச் சொடுக்கி அழைப்பதும் அப்படியே. ஒரு முறை கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால் நாங்கள் வந்துவிடுவோம். மேலங்கியில் பெயர்ப் பட்டி இருக்கிறது என்பதற்காகப் பெயரைச் சொல்லி மேசை முழுவதும் கேட்கும்படி கூப்பிட வேண்டியதில்லை. “மிஸ்” என்றோ, நீங்கள் எங்களைவிட வயதில் மூத்தவராக இருந்தால் “தங்கச்சி” என்றோ சொன்னால் போதும். டிப்ஸ் கொடுத்துவிட்டேன் என்ற உரிமையில் தொலைபேசி இலக்கம் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவருடைய சிப்பைத் தட்டோடு திருப்பி நீட்டிய தோழிகளையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சிப் அவர்களுக்குத் தேவைப்படாமல் இல்லை. வெல்லவாயவிலும் ராகலையிலும் உள்ள வீட்டுக்குப் பதினையாயிரம், இருபதாயிரம் என்று மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலவசம் என்பதால் குடிப்பவர்கள், தாங்கள் விலை கொடுத்துக் குடிக்கும் அளவைவிடக் கூடவே குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு நம் நாட்டில் மதுசாரம் விற்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் சட்டம். இளமுகமாக இருந்தால் அடையாள அட்டை கேட்போம், கோபப்படாதீர்கள். ஒருவர் அளவுக்கு மீறிவிட்டார் என்று தெரிந்தால் பானத்தைத் தாமதிக்கவோ நிறுத்தவோ எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். அப்போது பெரிய சிப்பை நீட்டி “இன்னும் ஒன்று” என்று கெஞ்சுவது எங்களை நெருக்கடியில் தள்ளும். நிதானம் தவறிய ஒருவர் ஒரு நாள் நூறு ரூபாச் சிப் என்று நினைத்து ஐயாயிரம் ரூபாச் சிப்பைத் தட்டில் வைத்துவிட்டார். “சேர், சிப்பைப் பாருங்கள்” என்று அதே இடத்தில் நின்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு நூறு ரூபாச் சிப்புகளை வைத்தார். அந்த இருநூறு ரூபாதான் எனக்கு உரியது. அதை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டேன்.

பொகவந்தலாவை ஆசிரியர்:

மகளே, உங்களுடைய பதிவை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். முதலாளியே முழுச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும் என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை. ஆனால் அந்தச் சட்டம் வரும்வரை தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது முதலாளிக்கு எதிரான போராட்டம் ஆகாது. அதனால் நட்டப்படுபவர் பரிமாறியவர் மட்டுமே என்பதை ஏற்கிறேன். கொள்கைக்காகக் கொடுக்க மறுப்பவர் பானத்தையும் மறுக்க வேண்டும் என்பதே முறையாக இருக்கும்.

ஒரு கேள்வி உண்டு. 2025இல் நம் நாட்டுப் பிரஜைகள் கசினோவுக்குள் நுழைவதற்கான வரி 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தப்பட்டது. கசினோக்களின் மொத்த வசூல் மீதான வரியும் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. அதே ஆண்டில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகார சபையை அமைப்பதற்கான சட்டமும் நிறைவேறியது. அரசாங்கத்துக்கு வர வேண்டியது இவ்வளவு துல்லியமாகக் கணக்கிடப்படும்போது, டிப்ஸ் பெட்டியின் கணக்கு ஊழியர்களுக்குக் காட்டப்படுகிறதா?

ராகலை மகள்:

நான் வேலை செய்த இடத்தில் டீலர்களின் பெட்டி ஒரு குழுவின் முன்னிலையில் எண்ணப்படும்; டீலர்களில் ஒருவரும் அங்கே இருப்பார். பானம் பரிமாறுபவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கிடைத்ததைப் பொதுவில் சேர்க்கச் சொன்னார்கள். மாத முடிவில் ஒரு தொகை வரும். அது எப்படி வந்தது என்று எழுத்தில் ஒன்றும் இருக்காது. கேட்டவர்களுக்கு அடுத்த மாதம் வேலை நேரம் மாறியது. எல்லா இடங்களும் அப்படியென்று நான் சொல்லமாட்டேன். சேர் கேட்கும் சட்டம் வருமானால் முதலில் பயன்படுவது தட்டு ஏந்துபவர்களுக்குத்தான்.

ஹட்டன் மாலை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. பானம் ஒன்றுக்கு 200 ரூபாவிலிருந்து 500 ரூபாவுக்குள், அந்தந்த முறையே தட்டில் வைப்பதென்று மச்சானும் நானும் முடிவுசெய்திருக்கிறோம். 100 டொலர் நுழைவு வரியையும் எண்ணிப் பார்த்து, டிப்ஸுக்கான தொகையை விளையாட்டுப் பணத்திலிருந்து பிரித்துத் தனியாக வைத்துக்கொள்ளப் போகிறோம். தோற்றுவிட்டால் பரிமாறுபவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்ற நிலை வரக் கூடாது.

மச்சான் திரும்பிப் போகும் வழியில் சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்குகிறார். அங்கும் இதே முறைதானா? மேசைக்குப் பதிலாகப் போட்டியில் விளையாடினால் டிப்ஸ் எப்படி?

மஸ்கெலியா மைந்தன்:

சிங்கப்பூரில் மாறிவிடும். அங்குள்ள கசினோக்களில் தண்ணீர், கோப்பி, தேநீர், குளிர்பானம் இலவசமாகக் கிடைக்கும். மதுவுக்கு விலை உண்டு. டீலர்கள் டிப்ஸ் வாங்குவதற்கு அனுமதி இல்லை. சிப்பைத் தள்ளினால் மரியாதையாகத் திருப்பித் தள்ளிவிடுவார்கள். வற்புறுத்த வேண்டாம். அவுஸ்திரேலியாவிலும் டீலருக்கு டிப்ஸ் இல்லை. கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கசினோக் கப்பல்களில் நுழைவுச் சீட்டின் விலைக்குள்ளேயே சாப்பாடும் பானமும் அடங்கிவிடும். அங்கேயும் பில் இல்லாததால், நுவரெலியாத் தம்பி சொன்ன நியாயம் அப்படியே பொருந்தும், கொண்டுவருபவருக்குக் கொடுங்கள்.

போட்டியைப் பற்றி: போட்டி ஆட்டத்தில் சிப்புகளுக்குப் பண மதிப்பு இல்லை, அவை புள்ளிகள் மட்டுமே. அதனால் ஆட்டத்தின் நடுவே டீலருக்கு எதையும் தள்ளக் கூடாது. பல இடங்களில் நுழைவுத் தொகையிலிருந்தோ பரிசுத் தொகையிலிருந்தோ ஊழியர்களுக்கென்று சில சதவீதம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். அது போட்டி அறிவிப்புத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதை வாசித்துப் பாருங்கள். ஒதுக்கியிருந்தால் மேலும் கொடுப்பது உங்கள் விருப்பம். ஒதுக்காவிட்டால், பரிசு பெற்றவர் அதில் இரண்டு, மூன்று சதவீதத்தைக் காசாளரிடமே ஊழியர்களுக்கென்று விட்டுச் செல்வார். பானத்துக்கு இது பொருந்தாது. போட்டியிலும் பானம் கொண்டுவருபவர் அந்த ஒதுக்கீட்டில் பெரும்பாலும் சேர்வதில்லை. சட்டைப் பையில் சில நூறு ரூபாத் தாள்களை மாற்றி வைத்துக்கொண்டு போங்கள். உள்ளே சில்லறை மாற்றக் காசாளரிடம் வரிசையில் நிற்க நேரம் கிடைக்காது.